எது காத்திருக்கும், எது காத்திருக்காது: பெருந்தொற்றுக் காலமும் புற்றுநோயாளிகளின் எலும்பும்

(நோயாளிகளும் குடும்பத்தினரும் செவிலியர்களும் கூடியிருந்த பொது அரங்கில் ஒரு புற்றுநோய் மருத்துவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொரோனாக் காலத்தில் புற்றுநோயாளிகள் பட்ட பாட்டைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. ஆபரேஷன் தள்ளிப்போனது, கீமோ நின்றது, பயணத்துக்கு இ-பாஸ் கிடைக்காமல் அலைந்தது எல்லாம் பத்திரிகைகளில் வந்தன. எலும்பைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. "உயிரே ஊசலாடுது, இதுல எலும்புக்கு என்ன அவசரம்?" என்று நோயாளிகளும் நினைத்தார்கள், மருத்துவமனைகளும் நினைத்தன. அந்த நினைப்பு பாதி சரி, பாதி தவறு. எந்தப் பாதி சரி, எந்தப் பாதி தவறு என்று பிரித்துச் சொல்வதுதான் இன்று என் வேலை.

முதலில் நடந்ததைப் பார்த்துவிடுவோம். 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. ரயில் இல்லை, பஸ் இல்லை. தேசியப் புற்றுநோய்க் கூட்டமைப்பைச் சேர்ந்த 41 மையங்களின் கணக்கைப் பின்னர் எடுத்துப் பார்த்தார்கள். அந்த ஆண்டு மார்ச் முதல் மே வரையிலான மூன்று மாதங்களை, முந்தைய ஆண்டின் அதே மூன்று மாதங்களோடு ஒப்பிட்டார்கள். புதிதாகப் பதிவு செய்தவர்கள் 54 சதவீதம் குறைவு. மறுபரிசோதனைக்கு வந்தவர்கள் 46 சதவீதம் குறைவு. வெளிநோயாளிகளாகக் கீமோ எடுத்தவர்கள் 37 சதவீதம் குறைவு. கதிர்வீச்சு 23 சதவீதம் குறைவு.

இதில் என் கண் போய் நிற்பது அந்த 46-ல்தான். ஏனென்றால் எலும்புக்கான ஊசி, பெரும்பாலும் மறுபரிசோதனைக்கு வரும் நாளில் போடப்படுவது. டாக்டரைப் பார்த்து, ரத்தம் கொடுத்து, அப்படியே கீழ்த்தளத்தில் ட்ரிப்ஸ் ஏற்றிக்கொண்டு போவார்கள். அந்த வருகை நின்றால் ஊசியும் நிற்கும். கீமோ நின்றால் நோயாளி பதறிப்போய் போன் செய்கிறார். எலும்பு ஊசி நின்றால் யாரும் போன் செய்வதில்லை. எலும்பு தேய்வது வலிக்காது. முறிந்தால்தான் வலிக்கும்.

புற்றுநோய்க்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். மூன்று வழியில் சம்பந்தம்.

முதல் வழி, நோயே எலும்புக்குப் பரவுவது. மார்பகம், புராஸ்டேட், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகிய இடங்களில் தோன்றும் புற்றுநோய்கள் எலும்பை நாடிப் போகும் குணமுள்ளவை. 1889-ல் ஸ்டீபன் பேஜெட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்தப் பரவல் தற்செயலானது அல்ல என்று ‘லான்செட்’ இதழில் எழுதினார். விதை எங்கும் விழும், ஏற்ற நிலத்தில்தான் முளைக்கும் என்பது அவர் கருத்தின் சாரம். எலும்பு அப்படியொரு நிலம்.

இரண்டாவது வழி, எலும்பு மஜ்ஜையிலேயே பிறக்கும் மைலோமா. முதுகுவலி என்று மாதக்கணக்கில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் மைலோமா என்று தெரிந்து வருபவர்கள் நம்மூரில் நிறைய.

மூன்றாவது வழிதான் பலருக்கும் தெரியாதது. நோய் எலும்புக்குப் போகவே இல்லை, குணமாகிவிட்டது, ஆனால் நாம் கொடுக்கும் மருந்து எலும்பைக் கரைக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்குப் பின் ஐந்தாண்டுக்கு மேலும் சாப்பிடச் சொல்லும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் மாத்திரைகள் உடம்பில் மிச்சமிருக்கும் ஈஸ்ட்ரோஜனையும் வற்ற வைத்துவிடும். புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஊசி போட்டோ விதைகளை அகற்றியோ ஆண் ஹார்மோனை நிறுத்துகிறோம். இரண்டிலும் எலும்பு தேய்கிறது. அமெரிக்காவில் 50,000-க்கும் மேற்பட்ட புராஸ்டேட் நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2005-ல் வெளியிட்டார்கள். நோய் கண்டு ஐந்தாண்டு தாண்டியவர்களில் ஹார்மோன் நிறுத்தப்பட்டவர்களுக்கு எலும்பு முறிவு 19.4 சதவீதம்; நிறுத்தப்படாதவர்களுக்கு 12.6 சதவீதம். கீமோவோடு கொடுக்கும் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகளும் தம் பங்குக்கு எலும்பைத் தேய்க்கின்றன.

பெருந்தொற்று இந்த மூன்றாவது வழியை இன்னும் அகலமாக்கியது. ஆபரேஷன் தியேட்டர்கள் மூடியிருந்தபோது, ஹார்மோனை நம்பி வளரும் மார்பகக் கட்டி இருந்த பெண்களுக்கு "இப்போதைக்கு மாத்திரை சாப்பிடுங்கள், சில மாதம் கழித்து ஆபரேஷன் செய்யலாம்" என்றோம். உலகமெங்கும் அப்படித்தான் செய்தார்கள், அதில் தவறில்லை. ஆனால் மாத்திரையை எழுதிய கை, எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேனையும் கால்சியத்தையும் சேர்த்து எழுதியதா என்றால், பல இடங்களில் இல்லை.

இப்போது மருந்துகளுக்கு வருவோம். எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்பதற்கு விடை, மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதில் இருக்கிறது. அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நம் எலும்பு கல் அல்ல, உயிருள்ள திசு. அங்கே ஆயுள் முழுக்க மராமத்து நடக்கிறது. ஒரு கூட்டம் செல்கள் பழைய எலும்பை இடிக்கும். இன்னொரு கூட்டம் புதிதாகக் கட்டும். இடிப்பவரும் கொத்தனாரும் சம வேகத்தில் வேலை செய்யும்வரை வீடு உறுதியாக இருக்கும். புற்றுநோய் செல் எலும்புக்குள் புகுந்தால் இடிப்பவர்களுக்கு ஓயாமல் வேலை கொடுக்கிறது. ஹார்மோன் வற்றினாலும் இடிப்பவர்கள் கைதான் ஓங்குகிறது.

இந்த இடிப்பவர்களை அடக்க நம்மிடம் முக்கியமாக இரண்டு மருந்துகள். ஒன்று ஜோலெட்ரானிக் அமிலம். 4 மில்லிகிராம் மருந்தை 100 மில்லி சலைனில் கலந்து, குறைந்தது 15 நிமிடம் ட்ரிப்ஸாக ஏற்றுவார்கள். இது நேராகப் போய் எலும்பின் தாதுப் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். சுண்ணாம்புச் சாந்தோடு கலந்த நஞ்சு மாதிரி என்று வையுங்கள். இடிக்க வருகிறவர் சுவரைத் தொட்டவுடன் சுருண்டு விழுவார். ஒருமுறை சுவரில் ஏறிய மருந்து மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கும்.

மற்றொன்று டெனோசுமாப். தோலுக்கு அடியில் போடும் ஊசி. எலும்புக்குப் பரவிய நோய்க்கு 120 மில்லிகிராம், நான்கு வாரத்துக்கு ஒருமுறை. எலும்புத் தேய்மானத்துக்கு 60 மில்லிகிராம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இது சுவரில் ஒட்டுவதில்லை. இடிப்பவர்களை வேலைக்குக் கூப்பிடும் ஆணையை மட்டும் வழிமறிக்கிறது. அவர்கள் சாகவில்லை, வாசலில் கூட்டம் கூட்டமாகக் காத்து நிற்கிறார்கள். ஊசியின் பலம் தீர்ந்த அன்று எல்லோரும் ஒரேயடியாக உள்ளே நுழைகிறார்கள். அதுவரை சேர்த்துவைத்த எலும்பு கரைவதோடு நில்லாமல், சிலருக்கு முதுகெலும்பில் ஒன்றல்ல, இரண்டு மூன்று கண்ணிகள் அடுத்தடுத்து நொறுங்கிவிடும்.

இதைத் தேதி போட்டுக் காட்டுகிறேன். இரண்டு பெண்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் மார்பகப் புற்றுநோய் குணமாகி, லெட்ரோசோல் ஓடிக்கொண்டிருக்கிறது. இருவருக்கும் எலும்பைக் காக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருந்து. இருவருக்கும் கடைசியாகப் போட்டது 2019 செப்டம்பர் 25. அடுத்தது 2020 மார்ச் 25. அதாவது ஊரடங்கு தொடங்கிய அதே நாள். முதல் பெண்ணுக்குப் போட்டது ஜோலெட்ரானிக். அவர் ஏப்ரலில் வரவில்லை, மே மாதம் வரவில்லை, ஜூலையில் வந்தார். ஒன்றும் குடிமுழுகிப் போகாது. மருந்து எலும்பிலேயே இருக்கிறது. இரண்டாமவருக்குப் போட்டது டெனோசுமாப். அவருக்கு ஏழாவது மாதம் முடிவது ஏப்ரல் 25. ஊரடங்கோ மே 3 வரை, பின்பு 17 வரை, பின்பு 31 வரை என்று நீண்டுகொண்டே போனது. இவர் ஜூலை வரை காத்திருந்தால் ஆபத்து.

2020-லேயே எலும்பு மருத்துவ ஆய்வு அமைப்புகள் சில சேர்ந்து கூட்டாக ஒரு வழிகாட்டுதல் கொடுத்தன. டெனோசுமாப் 60 மில்லிகிராம் ஊசியைக் கடைசி ஊசியிலிருந்து ஏழு மாதத்துக்கு மேல் தள்ளாதீர்கள். போடவே முடியாது என்றால் தற்காலிகமாக அலெண்ட்ரோனேட் போன்ற மாத்திரைக்கு மாற்றுங்கள். ஜோலெட்ரானிக் சில மாதம் தாமதமானால் கவலை வேண்டாம் என்பதுதான் அதன் சாரம். அலெண்ட்ரோனேட் வாரம் ஒரு மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில், ஒரு முழு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். காபி, பால் எல்லாம் அதற்குப் பிறகுதான். ஏதோ ஒரு கிராமத்து மருந்துக்கடையில் கிடைக்கும் ஒரு மாத்திரை அட்டை, முதுகெலும்பைக் காப்பாற்றிவிடும்.

இனி நோய் எலும்புக்குப் பரவியவர்களின் கதை. இவர்களுக்கு ஜோலெட்ரானிக் மாதம் ஒருமுறை என்பது பழைய வழக்கம். மாதம் ஒருமுறை அவசியம்தானா என்ற கேள்விக்குக் கொரோனாவுக்கு முன்பே விடை வந்துவிட்டது. 2017-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் மார்பக, புராஸ்டேட், மைலோமா நோயாளிகள் 1,822 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப்பேருக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறையும் மீதிப்பேருக்குப் பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் மருந்து கொடுத்தார்கள். இரண்டாண்டுக்குள் எலும்பு முறிவோ, எலும்புக்குக் கதிர்வீச்சோ, எலும்பு ஆபரேஷனோ, தண்டுவட நெருக்கமோ வந்தவர்கள் முதல் பிரிவில் 29.5 சதவீதம், இரண்டாம் பிரிவில் 28.6 சதவீதம். வித்தியாசமே இல்லை என்று சொல்லிவிடலாம்.

இந்த முடிவு கையில் இருந்தும் பல மருத்துவமனைகளில் பழைய வழக்கம் மாறவில்லை. கொரோனா வந்து கழுத்தைப் பிடித்த பிறகுதான் மாதாந்திர ட்ரிப்ஸை மூன்று மாதத்துக்கு ஒன்று என்று மாற்றினார்கள். ஆண்டுக்கு 13 முறை வரவேண்டியவர் நான்கு அல்லது ஐந்து முறை வந்தால் போதும். ராமநாதபுரத்திலிருந்து ராத்திரி பஸ் ஏறி, விடிகாலையில் சென்னையில் இறங்கி, ஓ.பி. வரிசையில் நின்று, 15 நிமிட ட்ரிப்ஸுக்காக ஒரு முழுநாளையும் கூட வருபவரின் ஒருநாள் கூலியையும் இழக்கும் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய மிச்சம்! யோசித்துப் பாருங்கள். அந்தக் குடும்பத்துக்கு ஊரடங்கு 2020-ல் வந்ததா? தூரமும் பணமும் போட்ட ஊரடங்கில்தான் அவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். பெருந்தொற்றுக்காகச் செய்த மாற்றம், பெருந்தொற்று போன பிறகும் நிலைக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆனால் விதிவிலக்குகள் உண்டு. எலும்பு அளவுக்கு மீறிக் கரைந்து ரத்தத்தில் கால்சியம் ஏறிவிட்டால் அது அவசரம். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல், அப்புறம் பேச்சில் தடுமாற்றம், குழப்பம். இப்படி வந்தால் சலைனும் ஜோலெட்ரானிக்கும் அன்றே தேவை. அதேபோல், புதிதாக மைலோமா கண்டுபிடிக்கப்பட்டு எலும்பில் ஓட்டை ஓட்டையாக இருப்பவருக்குத் தொடக்க மாதங்களில் இடைவெளியை நீட்டக்கூடாது. 120 மில்லிகிராம் டெனோசுமாப் போடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. வர முடியாத நிலை என்றால் ஜோலெட்ரானிக்குக்கு மாற்றிவிட முடியுமா என்று கேளுங்கள்.

இரண்டு மருந்துக்கும் பொதுவான முன்னெச்சரிக்கை ஒன்று. ஊசிக்கு முன் ரத்தத்தில் கால்சியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு ஜோலெட்ரானிக் அளவைக் குறைக்க வேண்டும், மிகவும் தளர்ந்திருந்தால் போடவே கூடாது. டெனோசுமாப் சிறுநீரகத்தைக் கெடுக்காது, ஆனால் அவர்களுக்குக் கால்சியத்தைத் தடாலென்று இறக்கிவிடும். இந்தப் பரிசோதனைக்காகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதில்லை. தாலுகாவில் இருக்கும் லேபில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும்.

பெருந்தொற்றுக் காலத்துக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். ஜோலெட்ரானிக் முதல்முறை ஏறியவர்களில் பலருக்கு ஓரிரு நாளில் காய்ச்சல், உடம்புவலி, தலைவலி வரும். மருந்துக்கு உடம்பு காட்டும் எதிர்வினை அது. மூன்று நாளில் அடங்கிவிடும், அடுத்தடுத்த முறை பெரும்பாலும் வராது. சாதாரணக் காலத்தில் ஒரு பாரசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார்கள். 2020-ல் காய்ச்சல் என்றாலே வீட்டு வாசலில் தகரம் அடித்தார்களே! புற்றுநோயாளிக்குக் காய்ச்சல் என்றால் மூன்று சந்தேகம் எழும்: மருந்தா, கொரோனாவா, கீமோவால் வெள்ளணு இறங்கி வந்த தொற்றா? மூன்றாவது உயிரை வாங்கக்கூடியது. ஆகவே முதல் டோஸை அலை உச்சத்தில் இருக்கும்போது, அவசரம் இல்லையென்றால், தொடங்காமல் இருப்பது நல்லது. தொடங்கினால் மறுநாள் ஒரு செவிலியர் போன் செய்து விசாரிக்க வேண்டும். இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தாலும், மூன்று நாளில் காய்ச்சல் விடாவிட்டாலும் மருந்தின் மேல் பழிபோட்டுவிட்டு உட்காரக்கூடாது. கீமோ ஓடிக்கொண்டிருப்பவர் மூன்று நாள்கூடக் காத்திருக்கக்கூடாது. தடுப்பூசி போட்டுக்கொள்பவர்களும் ஜோலெட்ரானிக்குக்கும் அதற்கும் ஒரு வாரம் இடைவெளி விட்டால் எந்தக் காய்ச்சல் எதனால் என்ற குழப்பம் வராது.

அடுத்தது பல். எலும்பு மருந்துக்கும் பல்லுக்கும் என்ன தொடர்பு என்று சிரிக்காதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைப் பாஸ்பரஸை வைத்துத் தீக்குச்சி செய்த தொழிலாளர்களுக்குத் தாடை எலும்பு அழுகும் நோய் வந்தது. அதன் பிறகு வெள்ளைப் பாஸ்பரஸையே தடைசெய்தார்கள். 2003-ல் ராபர்ட் மார்க்ஸ் என்ற அமெரிக்கத் தாடை அறுவை மருத்துவர், ஜோலெட்ரானிக்கும் அதன் உறவான பாமிட்ரோனேட்டும் எடுத்த 36 பேருக்கு அதேபோலத் தாடை எலும்பு பட்டுப்போயிருந்ததை எழுதினார். டெனோசுமாபுக்கும் இது வரும் என்று பின்னர் தெரிந்தது. வருவது சிலருக்குத்தான். ஆனால் பல் பிடுங்கிய இடத்தில் புண் ஆறாமல், வாய்க்குள் எலும்பு வெளித்தெரிய மாதக்கணக்கில் கிடப்பது பெரிய வேதனை. அதனால்தான் மருந்து தொடங்கும் முன்பே பல் டாக்டரிடம் அனுப்புகிறோம். பிடுங்க வேண்டியதைப் பிடுங்கி, புண் ஆறிய பிறகே ஊசி.

ஊரடங்கில் பல் கிளினிக்குகளும் மூடின. பல் சுத்தம் செய்யும்போது தெறிக்கும் திவலை வழியே தொற்று பரவும் என்ற அச்சம். அப்போது என்ன செய்வது? மருந்து அவசரம் இல்லாதவர்களுக்குப் பல் பார்க்கும்வரை தள்ளிவைக்கலாம். ஏற்கெனவே மருந்தில் இருப்பவர்கள் இரு வேளை பல் துலக்கி, சாப்பிட்டவுடன் கொப்பளித்து, வெற்றிலை புகையிலையை விட்டு, ஈறில் உரசும் பல்செட்டைக் கழற்றி வைக்க வேண்டும். ஆடும் பல்லை நூல் கட்டி இழுக்கும் வேலை கண்டிப்பாகக் கூடாது. 2021-ன் இரண்டாம் அலையில் இதோடு கருப்புப் பூஞ்சை சேர்ந்துகொண்டது. சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த உடம்பில், கொரோனா வந்துபோன பின் மேல்தாடை வலித்து, பல் ஆடி, முகம் வீங்கினால் அதை எலும்பு மருந்தின் பக்கவிளைவு என்று எண்ணி நாள் கடத்தக்கூடாது. தாடை எலும்பு பட்டுப்போவது மாதங்களில் நகரும் நோய். பூஞ்சை மணிக்கணக்கில் நகரும்.

கதிர்வீச்சைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எலும்பில் ஓரிடத்தில் வலி என்றால் பத்து நாள் வரச்சொல்லிக் கதிர்வீச்சு கொடுப்பது வழக்கம். ஒரே நாளில் 8 கிரே என்ற அளவைக் கொடுத்தாலும் வலி அதே அளவு குறைகிறது என்பது பல ஆய்வுகளில் நிரூபணமான விஷயம். ஒரே நாள் எடுத்தவர்களில் சற்றுக் கூடுதலானோருக்குப் பின்னாளில் மறுபடி கொடுக்க வேண்டிவரும், அவ்வளவுதான். ஊரடங்கில் உலகமே இந்த ஒரு நாள் முறைக்கு மாறியது. "பத்து நாள் கொடுத்தால்தான் முழு வைத்தியம்" என்று நினைக்கும் உறவினர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு நாள் என்பது அரைகுறை வைத்தியம் அல்ல.

இப்போது எந்தக் காலத்திலும், எந்த ஊரடங்கிலும் காத்திருக்காத ஒன்றுக்கு வருகிறேன். இன்று இங்கே கேட்டதில் எது மறந்தாலும் இதை மறக்காதீர்கள். முதுகெலும்பில் வளரும் கட்டி பின்னோக்கித் தள்ளித் தண்டுவடத்தை நெரிப்பது. முதலில் முதுகில் புதிதாக ஒரு வலி. படுத்தால் கூடும், இருமினால் தும்மினால் கூடும். சிலருக்கு மார்பைச் சுற்றிப் பட்டை கட்டி இறுக்குவதுபோல் இருக்கும். பிறகு மாடிப்படி ஏறும்போது கால் கனக்கும். தரையில் உட்கார்ந்தவர் கையை ஊன்றாமல் எழ முடியாது. நடக்கும்போது செருப்பு காலிலிருந்து கழன்று விழுந்துவிடும், விழுந்தது தெரியாமலே நாலடி போய்விடுவார். வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது அந்தச் செருப்பை. அதன் பிறகு வருவது சிறுநீர் கட்டிக்கொள்வது. அது கடைசி மணி.

செருப்பு கழன்ற அன்றே கிளம்ப வேண்டும். 108-ஐ அழையுங்கள். ஸ்டீராய்டு தொடங்கி, ஒரு நாளுக்குள் முதுகெலும்பு முழுவதற்கும் எம்.ஆர்.ஐ. எடுத்து, கதிர்வீச்சோ ஆபரேஷனோ செய்தாக வேண்டும். நடந்துகொண்டிருக்கும்போது சிகிச்சை தொடங்கியவர்களில் பெரும்பாலோர் தொடர்ந்து நடக்கிறார்கள். கால் முழுவதும் விழுந்த பிறகு தொடங்கியவர்களில் மறுபடி நடப்பவர்கள் சொற்பம். கொரோனா பயத்தில் நான்கு நாள் வீட்டில் இருந்து பார்க்கலாம் என்பதற்கான விலை, மிச்ச வாழ்நாள் முழுதும் படுக்கை.

வீட்டுக்குள் செய்ய வேண்டியவை எளியவை. வெளியே போகாமல் அடைந்து கிடந்த மாதங்களில் வெயில் படவில்லை, நடை இல்லை. வைட்டமின் டி குறைந்திருக்கும்போது எலும்பு மருந்து போட்டால் கால்சியம் இறங்கி விரல் மரத்து, கை கால் இழுக்கும். ஆகவே டாக்டர் எழுதித் தரும் 60,000 யூனிட் சாஷேயைச் சொன்ன கணக்குப்படி மட்டும் சாப்பிடுங்கள். வாரம் ஒன்று என்றதைத் தினம் ஒன்றாக்கிக்கொண்டு வருபவர்களும் உண்டு, அது ஆபத்து. ஒரு நாளைக்குக் கால்சியம் 1,000 முதல் 1,200 மில்லிகிராம் வேண்டும். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. மோர், எள், முருங்கைக்கீரை, முள்ளோடு தின்னும் நெத்திலி எல்லாம் கைகொடுக்கும். மைலோமா நோயாளிகளும் ரத்தத்தில் கால்சியம் ஏறியவர்களும் டாக்டரைக் கேட்காமல் கால்சியம் மாத்திரையைத் தொடக்கூடாது.

நடக்கலாம், நடக்க வேண்டும். வராந்தாவில் நடந்தாலும் சரி. முதுகெலும்பில் நோய் இருப்பவர்கள் குனிந்து குடத்தைத் தூக்குவது, இடுப்பை முறுக்குவது, கட்டிலை நகர்த்துவது கூடாது. தொடையிலோ இடுப்பிலோ கால் ஊன்றும்போது மட்டும் குத்தும் வலி, அந்த எலும்பு முறியத் தயாராகிவிட்டதன் அடையாளமாக இருக்கலாம். முறிவதற்கு முன்பே கம்பி வைத்துவிட முடியும். விழுவது பெரும்பாலும் வீட்டுக்குள்தான். ஈரமான குளியலறை, இரவில் விளக்கில்லாத நடை, தடுக்கும் மிதியடி. ஒரு கைப்பிடியும் ஒரு விடிவிளக்கும் விலை உயர்ந்த ஊசியின் வேலையில் பாதியைச் செய்துவிடும்.

தொலைமருத்துவத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஊரடங்கு தொடங்கிய அதே 2020 மார்ச் 25 அன்றுதான் இந்தியாவில் தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள் வெளியாயின. எலும்பைப் பொறுத்தவரை வீடியோவில் நிறையப் பார்க்க முடியும்: நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழச் சொல்லலாம், நடக்கச் சொல்லலாம், குடும்பத்தாரை முதுகில் மெல்லத் தட்டச் சொல்லி எங்கே வலிக்கிறது என்று கேட்கலாம். ஆனால் ஒரு கதவு பூட்டியிருந்தது. போதைமருந்துச் சட்டத்தின் கீழ் வருவதால் மார்பினைத் தொலைமருத்துவம் வழியே எழுதித் தர அந்த நெறிமுறைகள் இடம் கொடுக்கவில்லை. எலும்பு வலிக்கு மார்பினை நம்பியிருந்தவருக்கு மாத்திரை தீர்ந்தால், நேரில் வந்தே ஆகவேண்டும்; வரவோ வண்டி இல்லை. அவர்கள் மெடிக்கலில் கிடைத்த வலி மாத்திரைகளை அள்ளி விழுங்கினார்கள் என்றால் அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுத்தால், அடுத்த ஜோலெட்ரானிக்கும் போட முடியாமல் போகும்.

வழி இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டுக்கே போகின்றன. வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் அதில் உண்டு. அந்த வீட்டுப் படியை ஏறும் செவிலியரால் தோலுக்கு அடியில் போடும் டெனோசுமாபைப் போட முடியாதா? ஊசியை 2 முதல் 8 டிகிரி குளிரில் கொண்டுபோக வேண்டும். குழந்தைகளுக்கான தடுப்பூசியைக் குளிர்பெட்டியில் சுமந்து பழகிய துறைக்கு அது புதிதல்ல. கால்சியம் அளவு சரியாக இருக்கிறது என்று ஒரு ரத்தப் பரிசோதனை முன்னதாக வேண்டும், அவ்வளவுதான்.

முடிக்கும் முன் மூன்று தரப்புக்கு மூன்று வேண்டுகோள்.

நோயாளிகளுக்கு: உங்கள் ஃபைலின் முதல் பக்கத்தில் ஒரு அட்டை ஒட்டுங்கள். எலும்பு மருந்தின் பெயர், கடைசியாகப் போட்ட தேதி, எந்தத் தேதிக்கு மேல் தள்ளக்கூடாது, தள்ள வேண்டிவந்தால் மாற்று என்ன, யாருக்குப் போன் செய்வது. ஐந்தே வரி. எழுதித் தரச் சொல்லி டாக்டரைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. "ஏதோ எலும்பு ஊசி" என்று மட்டும் தெரிந்துவைத்திருந்தால், காத்திருக்கும் மருந்தா காத்திருக்காத மருந்தா என்று ஆபத்து நாளில் யாராலும் சொல்ல முடியாது.

மருத்துவமனைகளுக்கு: ஊரடங்கில் குறைத்த வருகைகளை, எங்கே குறைக்கலாம் என்று ஆய்வு சொல்கிறதோ அங்கே, குறைத்தபடியே வையுங்கள். டெனோசுமாப் தேதி நெருங்குபவர்களின் பட்டியலை மட்டும் தனியாக எடுத்து, அவர்கள் கூப்பிடுமுன் நீங்கள் கூப்பிடுங்கள்.

அரசுக்கு: வலி நிவாரண மாத்திரை வட்டாரத்திலேயே கிடைக்கும்படி செய்யுங்கள்; எலும்பு ஊசியை வீடு தேடிப் போகும் பட்டியலில் சேருங்கள்.

அடுத்த பெருந்தொற்று எப்போது வரும் என்று தெரியாது. ஆனால் 2015-ல் சென்னையில் வெள்ளம் வந்தது, 2018-ல் டெல்டாவில் கஜா புயல் வந்தது. பாதை அடைபடுவதற்குக் கிருமிதான் வரவேண்டும் என்றில்லை. அட்டை ஒட்டிய ஃபைல் எல்லா ஆபத்துக்கும் உதவும். இன்று வீட்டுக்குப் போனதும் அதைச் செய்துவிடுங்கள்.

கேள்விகள் நிறைய இருக்கும். ஃபைல் கொண்டுவந்திருப்பவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள். அட்டையை இங்கேயே எழுதத் தொடங்கிவிடலாம்.